முதல் வரிசை, முதல் இழுப்பறை

அந்தக் கடையை முதலில் அறிந்துகொண்டவை என் கால்கள்தான். நானுஓயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நுவரெலியா வரைக்கும் காலைப் பனியில் வெறுங்காலோடு நடந்து வந்து, கடையின் பின்வாசலில் எந்நேரமும் நனைந்து கிடக்கும் கருங்கல் படிகள் மூன்றையும் ஏறி, உள்ளே ஓர் அடி வைத்ததும், மெழுகு தேய்த்த பலகைத் தரை பாதத்தின் கீழே வெதுவெதுப்பாக இருந்தது. தரைக்கு எப்படிச் சூடு வரும் என்று நான் காலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். நடுக்கூடத்தில் கணப்பு எரிந்ததும், அதன் சூடு பலகைக்கு அடியில் ஓடியதும் பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயங்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், இந்த இடத்தை விட்டு நான் போகக்கூடாது என்பது ஒன்றுதான்.

பலகையில் எழுதியிருந்த இங்கிலீஷ் பெயர் எங்கள் ஆட்களின் வாயில் நுழையாது, ஆகையால் எல்லாரும் "மாடிக்கடை" என்றே சொல்வார்கள். கீழே மளிகை, மருந்து, கண்ணாடிச் சாமான், குதிரைச் சேணம். மேலே துணி, தொப்பி, சப்பாத்து. மாடிப்படி முடிகிற இடத்தில் தனியாக ஒரு மூலை, அங்கே ரிப்பன், லேஸ், பொத்தான், நூல். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தாலும் கடையில் ஒன்றும் மாறவில்லை. முன்வாசலில் துரைமாரும் துரைசாணிமாரும் நுழைவார்கள், தலைப்பாகை கட்டிய ஆள் ஒருவர் கதவைத் திறந்து பிடிப்பார். தோட்டத்து ஆட்கள் பின்வாசலோடு சரி. அப்படி எழுதி வைத்திருந்தார்களா என்று கேட்டால், இல்லை. எழுதி வைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

எங்கள் வேலு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பங்களாவுக்குத் "தப்பால்" ஆள். தோட்டத்துக் கடிதப்பையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், வரும்போது துரைசாணி எழுதிக் கொடுத்த சாமான்களைத் தலையில் சுமந்து வருவார். எனக்குப் பத்து வயதாக இருக்கையில் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். அம்மா மலையில் கொழுந்து எடுக்கப் போய்விட்டால் லயத்து வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லை என்று மாமா சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு நடப்பார்.

அப்பா செத்த பதினாறாம் நாளைப் பற்றி இங்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. பிறந்த வீட்டார்தான் கோடி போடவேண்டும் என்கிற முறைப்படி வேலு மாமாவே வெள்ளைச் சேலை வாங்கி வந்திருந்தார். காலையில் தலைமுழுகப் பீலிக்கரைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் கட்டியிருந்தது மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை. திரும்பி வந்தபோது வெள்ளை. எனக்கு ஒரு நொடி யாரென்று தெரியவில்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வேறு யாரோ நுழைகிறாள் என்று நான் கதவைச் சாத்தப் போனேன். "நான்தான்டி பாக்கியம், உங்கம்மா" என்றாள். அவள் குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். அந்த நாளிலிருந்து வெள்ளை என்றால் எனக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

ஞானம் அக்காவை நான் சந்தித்தது பின்வாசலில். மாமா பார்சல் அறையில் இருந்த ராமையா அண்ணனோடு பேசிக்கொண்டு நின்றார். மாடியிலிருந்து சாம்பல் நிறச் சேலையும் முழங்கை வரைக்கும் ரவிக்கையும் போட்ட ஓர் அம்மா இறங்கி வந்தார், நாற்பது வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. பின்வாசல் வெளிச்சத்துக்கு நேரே இரண்டு நூற்கட்டைகளைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "புள்ள, இதுல எது கறுப்பு, எது நீலம்?" என்றார்.

"இது கறுப்புங்க. இது ராத்திரி நீலம். இதுல ஓரத்துல கொஞ்சம் ஊதாவும் இருக்குங்க."

"ஊதாவும் இருக்கா?"

"வெயில்ல வச்சு வெளுத்திருக்குங்க, அதனால தெரியுது."

அவர் கொஞ்ச நேரம் என் முகம் இருக்கும் திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். மூன்றாவது சனிக்கிழமை மாமாவிடமே பேசினார். மேலே நூல் சுற்ற, இழுப்பறை துடைக்க ஒரு பெண்பிள்ளை வேண்டுமென்று கடைத்துரையிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டதாகவும், தன்னோடு கடைக்குப் பின்னால் இருக்கும் அறையிலேயே தங்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

ராமையா அண்ணன் சிரித்தார். "ஏம்ப்பா வேலு, மருமகள கடையில வச்சிட்டு வெறுங்கையோட போறியே, துரைசாணி சாமான் எங்கன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

"ஒரு ராத்தல் சீனிக்கு மாத்திட்டேன்னு சொல்றேன்" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "அழுவியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன், அழமாட்டேன் என்று. என் கால் பலகைத் தரையில் இருந்தது.

ரிப்பன் மூலையில் ஆறு வரிசை இழுப்பறைகள், வரிசைக்கு எட்டு. அக்கா அதை "லாச்சி" என்பார். பித்தளைப் பிடி போட்ட நாற்பத்தெட்டு லாச்சியிலும் என்ன இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறவர். துரைசாணிமார் பேசப் பேச, அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி வேண்டியதை எடுத்து மேசையில் வைப்பார். ரிப்பனை மூக்கு நுனியிலிருந்து விரல் நுனிவரை நீட்டிக் கஜம் அளப்பார், பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு நூல் கூடாது, குறையாது. பட்டுத் துணியைக் காதருகே கொண்டுபோய்க் கசக்கி, சத்தத்தைக் கேட்டே கலப்பா அசலா என்பார். கடைத்துரைக்கு அதில் அவ்வளவு பெருமை. கொழும்பிலிருந்து யாராவது வந்தால் மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "எங்க ஞானம் பாக்கவே மாட்டா, கை பாத்துக்கும்" என்று தன் தோட்டத்துத் தமிழில் சொல்லிக் காட்டுவார்.

உண்மை என்னவென்றால், ஞானம் அக்காவால் பார்க்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் தெரியாது, நல்ல கரிய கண்கள்தான். ஆனால் கண்ணுக்குப் பின்னால் நரம்பு காய்ந்துகொண்டே போகிறதென்றும் மருந்தில்லையென்றும் கொழும்பில் டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் வந்தபோது ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், ஜன்னல் எங்கே இருக்கிறதென்று தெரியும், நிறம் போய்விட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, கல்யாணம் ஆகவில்லை. படுக்கிற அறை கடை கொடுத்தது, வேலை போனால் அதுவும் போகும். முதல் நாள் இரவு சோறு போட்டுக் கொடுத்துவிட்டு இதை என்னிடம் சொன்னார், பதினோரு வயதுப் பிள்ளையிடம், பெரிய ஆளிடம் சொல்வதுபோல.

"உன் கண்ண எனக்குக் கொஞ்சம் கடன் குடு. என் கைய நான் உனக்குக் குடுக்கிறேன்" என்றார்.

நாங்கள் செய்தது இப்படி. மேசைக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டு நான் உட்கார்ந்து ரிப்பன் சுற்றிக்கொண்டிருப்பேன். துரைசாணி தன் கவுன் துணியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, இதற்கேற்ற ரிப்பன் வேண்டும் என்பாள். அக்கா துணியை வாங்கி, விரலால் உரசி, யோசிக்கிறவர்போல முகத்தை மேலே தூக்கிக்கொண்டே துணி பிடித்த கையை மேசைக்குக் கீழே தாழ்த்துவார். நான் நிறத்தைப் பார்த்து அவர் பாதத்தில் விரலால் தட்டுவேன். முதலில் வரிசை, ஒரு மூச்சு விட்டு, பிறகு லாச்சி. மூன்று தட்டு, நிறுத்தி, ஐந்து தட்டு என்றால் மூன்றாவது வரிசையில் ஐந்தாவது, புறாக்கழுத்து நிறம். அவர் திரும்பாமலே எடுத்துத் துணிமேல் வைப்பார். மேலே துரைசாணிமார் வியந்துபோய்ப் பேசுவது எனக்குக் கேட்கும். வார்த்தை புரியாது, வியப்பு புரியும். மேசைக்கடியில் உட்கார்ந்து நான் சிரிப்பை அடக்க வாயில் ரிப்பனைக் கடித்துக்கொள்வேன். இந்த மாயம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் சொந்தம், வேறு ஒரு மனிதருக்கும் தெரியாது.

அக்கா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கடை மூடிய பிறகு என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, மடியில் ஒவ்வொன்றாகப் போடுவார். மஸ்லின், பாப்ளின், சாட்டின், வெல்வெட். வெல்வெட்டை எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடிக்கும், பூனை மாதிரி. கொழுந்து எடுக்கிறவள் மகள் என்பதால்தானோ என்னவோ என் விரல் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. "மெதுவா தொடு. துணி ஓடிப்போகாது" என்பார். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார், அந்தத் துணியை அன்று இரவு என் தலையணைக்கு மேலே போட்டுவிடுவார். காலையில் எனக்கு அது தெரிந்திருக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாக இருந்தார். "லாச்சி மாறக்கூடாது புள்ள. எடுத்தத எடுத்த எடத்துல வை. லாச்சி மாறுனா நான் செத்தேன்." இதை எத்தனை தடவை சொன்னாரோ கணக்கில்லை.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அந்த வருஷம் மழை முடிந்த சமயம், எங்கள் தோட்டத்துப் பெரியதுரையின் மகளுக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். ஆயாவின் இடுப்பில் வளர்ந்ததால் எங்களைப்போலவே தமிழ் பேசும். அப்பா செத்த சமயத்தில் குதிரையை லயத்து வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, ஒன்றும் சொல்லத் தெரியாமல், கையிலிருந்த பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்துவிட்டுப் போனது. அதை நான் மறக்கவில்லை.

கல்யாணத்துக்கான தையல் எல்லாம் மாடிக்கடையில். ஒரு உள்பாவாடையும் இருந்தது. அடியில் துளைபோட்ட லேஸ் மூன்று வரிசை, அந்தத் துளைகள் வழியே அரை அங்குலச் சாட்டின் ரிப்பனைக் கோத்து வாங்கவேண்டும். மிக நுண்ணிய வேலை. கடைத்துரை அதை அக்காவிடம்தான் கொடுத்தார், வேறு யார் கையிலும் நம்பமாட்டார். சாமான்கள் ஒவ்வொன்றாக வர வர நான் பார்த்தேன். கவுன் வெள்ளை. முக்காடு வெள்ளை. கையுறை, காலுறை, சப்பாத்து எல்லாம் வெள்ளை.

"அக்கா, எல்லாமே வெள்ளைங்களா?"

"எல்லாமே வெள்ளைதான். அப்படித்தானே அழகு" என்றார்.

அக்காவுக்குக் கண் தெரியாது, அதனால் அது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கோயில் வேறு, எங்கள் கோயில் வேறு என்பதும், அவர்கள் பெண்களும் வெள்ளை உடுத்தித்தான் கட்டிக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் குழலைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துக்கா? தலையிலருந்து கால் வரைக்குமா?"

"ஆமாம்மா. உள்ள போடுற பாவாடை கூட."

"அடியாத்தி. அந்தப் புள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஒரு பொம்பள இல்லையா அங்க" என்றாள். பிறகு, தன் சேலைத் தலைப்பைப் பார்த்தபடி, "ஒரு பொட்டுச் செவப்பாச்சும் இருக்கணும். எங்கயாச்சும் ஒரு ஓரத்துல" என்றாள்.

என்ன செய்யவேண்டுமென்று அங்கேயே எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

புதன்கிழமை அரைநாள் கடை. மதியத்துக்குப் பிறகு அக்கா கோப்பதாக இருந்தார். காலையில் இழுப்பறைகளைத் துடைக்கும்போது, முதல் வரிசை முதல் இழுப்பறையில் இருந்த வெள்ளைச் சாட்டினை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, ஐந்தாம் வரிசையில் இருந்த குங்குமச் சிவப்பை அங்கே வைத்தேன். இரண்டும் ஒரே அகலம், ஒரே கம்பனி, ஒரே வழுவழுப்பு. தொட்டுப் பார்த்தேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. உள்பாவாடைதானே, யார் பார்க்கப்போகிறார்கள், பெட்டிக்குள் வைத்துக் கட்டி பங்களாவுக்குப் போய்விடும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் நல்லது நடக்கும் என்று கணக்குப் போட்டேன். லாச்சி மாறினால் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாமலில்லை. ஒரு மத்தியானத்துக்குத்தானே, சாயந்தரம் பழையபடி வைத்துவிடலாம் என்றிருந்தேன். வைத்தும்விட்டேன்.

வெள்ளைத் துணி அழுக்காகக் கூடாது என்று பாவாடையை ஒரு பெரிய விரிப்புக்குள் சுருட்டி, கையை மட்டும் உள்ளே விட்டு, மொட்டை ஊசியால் ஒவ்வொரு துளையாகத் தடவித் தடவி அக்கா கோத்தார். கோக்கும்போது வாய்க்குள் தங்கள் கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரிப்பின் விளிம்பில் அவ்வப்போது ஒரு சிவப்பு தெரிந்து மறையும். அவ்வளவு அழகாக இருந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை துரைசாணியும் மகளும் கடைக்கே வந்துவிட்டார்கள். பெட்டி கட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கவேண்டுமாம். கடைத்துரை தானே மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே தொப்பிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர், பெட்டி தூக்க ராமையா அண்ணன். நான் மேசைக்குக் கீழே என் இடத்தில் இருந்தேன். எழுந்து ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்திருக்கலாம். காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முக்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா விரிப்பைப் பிரித்து, பாவாடையை இரண்டு கையாலும் உயரத் தூக்கி, எல்லாருக்கும் தெரியும்படி மேசைமேல் விரித்தார். இங்கிலீஷில் சொன்னார், அதை எனக்கு அவர் முன்னமே தமிழில் சொல்லிக் காட்டியிருந்ததால் புரிந்தது. "மூன்று வரிசை. சுத்த வெள்ளைச் சாட்டின். ஒரு இடத்தில்கூட முறுக்கு விழவில்லை, பாருங்கள்."

கீழே கண்ணாடிச் சாமான் பக்கத்தில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் மாடிவரை கேட்டது. அந்த மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு அக்கா சிரித்தார், பாராட்டுக்குக் காத்திருக்கிறவர்போல.

துரைமகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்றாள் தமிழில், அவசர அவசரமாக. "எனக்குப் புடிச்சிருக்கு." அவளுடைய அம்மா இங்கிலீஷில் ஏதோ சொல்ல, அதில் சிவப்பு என்கிற சொல் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் அது கேட்டது. அவர் கைகள் பாவாடைமேல் அப்படியே நின்றுபோயின.

கடைத்துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, "ஞானம், யார் எடுத்து குடுத்தது?" என்றார்.

நான் அக்காவின் பாதத்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன். தட்டவில்லை, பிடிக்கத்தான் நீட்டினேன். அக்கா தன் பாதத்தை உயர்த்தி என் விரல்களின்மேல் வைத்து அழுத்தினார். வலிக்கும்படி அழுத்தினார். எடுக்கவிடவில்லை.

"நான்தாங்க துரை. லாச்சியில நான்தான் எடுத்தேன்."

மேசைமேல் எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது. "இது என்னா கலர்?" என்றார் கடைத்துரை.

கீழே இருந்த எனக்கு அவர் பிடித்திருந்தது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என் விரல் அந்தப் பாதத்துக்குக் கீழே இருந்தது. மேலே அக்காவின் குரல் வந்தது, சாதாரணமாக, கஜம் எத்தனை என்று சொல்கிற குரலில்.

"தெரியலைங்க துரை."

கல்யாணம் சனிக்கிழமை. ரிப்பனைப் பிரித்து மறுபடி கோக்கவேண்டும், வேறு ஆளுக்கு அந்த வேலை வராது. துரைசாணி, கண் தெரியாதவள் கையில் இனிமேல் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அக்காதான் என்னை மேசைக்கடியிலிருந்து வெளியே இழுத்து, "இந்தப் புள்ள செய்யும் துரை. என் கை" என்றார். நான் செய்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சிவப்பை உருவி, வெள்ளையைக் கோத்தேன், மூன்று வரிசை. என் வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் அதில் ஒரு முறுக்கு விழவில்லை. கடைத்துரை கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். திங்கட்கிழமையிலிருந்து ரிப்பன் மூலை என் பொறுப்பு என்றார்கள். பன்னிரண்டரை வயது எனக்கு. மேசை உயரத்துக்குக் காலுக்கு அடியில் ஒரு பெட்டி போட்டுக் கொடுத்தார்கள்.

ஞானம் அக்காவைக் கீழ்நாட்டில் ஏதோ ஒரு கன்னியர் மடத்தில் வைத்துக்கொள்ளக் கடைத்துரை ஏற்பாடு செய்தார். அறையைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். கெட்ட மனிதர் அல்ல, வழியனுப்பத் தன் காரைக்கூடத் தருகிறேன் என்றார். அக்கா வேண்டாமென்றார். வேலு மாமா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடக்க, பஸ்ஸில் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வருகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமா டீ வாங்கப் போனார்.

அந்த ஒரு வாரமாக அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் கேட்டார்.

"ஏன் புள்ள?"

நான் சொன்னேன். அம்மாவின் சேலையை, பதினாறாம் நாளை, கதவைச் சாத்தப் போனதை, பிஸ்கட் டின்னை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்கள்ல வெள்ளைதான்டி கல்யாணம். எனக்கே ஒரு காலத்துல அப்படி உடுத்த ஆசை இருந்திச்சு" என்றார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே அக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியுமானால் என்னிடம் இருக்கிற எதையும் கொடுப்பேன். கடையில் அத்தனை பேர் முன்னால் கலங்காதவர், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ரயில் தூரத்தில் கூவியது. "ம். அதுவும் சரிதான்" என்றார்.

மாமா டீயோடு வந்துவிட்டார். அக்கா எழுந்து, என் தோளைத் தடவி, சட்டையின் கை இணையும் இடத்தில் விரலை நிறுத்தினார். "இங்க பிரிஞ்சிருக்கு, தைச்சுக்க. இன்னொண்ணு. துரைகிட்ட போய் அதுஇதுன்னு ஒளறாத. போனது போகட்டும், உனக்கு அந்த எடம் வேணும். உங்கம்மாவுக்கும் வேணும்." மாமா அவரைக் கைபிடித்துப் பெட்டிக்குள் ஏற்றி உட்காரவைத்தார். "என்னங்க ஞானம்மா, நாடு மாறிப் போறீங்க, எங்கள மறந்துறாதீங்க" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே டிரங்குப் பெட்டியை அவர் காலடியில் தள்ளி வைத்தார்.

லாச்சியை மாற்றியது நான்தான் என்பது மாமாவுக்கும் தெரியாது. அம்மா சாகும்வரை அவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், தான் சொன்ன ஒரு வார்த்தையால் இப்படி ஆயிற்று என்று அவள் தன்னையே தின்றிருப்பாள்.

முதல் கிறிஸ்துமஸுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்றிருந்தேன். கடையில் கூட்டம், விடவில்லை. அடுத்த வருஷம் அம்மாவுக்குச் சுகமில்லை. அதற்கடுத்த வருஷம் ஒரு தடையும் இருக்கவில்லை, நான்தான் போகவில்லை. போய் முகத்துக்கு நேரே நின்றால் அவர் என்னைத் தொட்டுப் பார்ப்பார், என் உடுப்பைத் தொட்டே நான் நன்றாக இருக்கிறேன் என்று அறிந்துகொள்வார். அதை என்னால் தாங்கமுடியாது என்று இருந்தது. ஐந்தாம் வருஷம் கடைத்துரை ஒரு கடிதத்தை என்னிடம் வாசித்துக் காட்டினார். ஞானம் இறந்துபோனார் என்று மடத்திலிருந்து எழுதியிருந்தார்கள். கடைசிவரை பூசைத் துணிகளுக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாராம்.

எட்டு வருஷம் அந்த மேசையில் நின்றேன். "ஞானத்தின் கை அப்படியே இருக்கிறது" என்று துரைசாணிமார் சொல்வார்கள், நான் சிரித்துக்கொண்டே ரிப்பனை மடித்துக் கொடுப்பேன். பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போனார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கும் கப்பல்தான் விதித்திருந்தது, வேலு மாமா அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். வாங்க ஆளில்லாமல் கடையை மூடினார்கள். இழுப்பறைகளைச் சட்டத்தோடு பெயர்த்துக் கீழே இறக்கியபோது படிக்கட்டில் மோதி இரண்டு வரிசை உடைந்தது. மீதியை ஒரு பேக்கரிக்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் கண்ணாடி மாற்ற நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். அந்தக் கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, போன் விற்கிற கடையும் ரெடிமேட் உடுப்புக் கடையும் வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் யாரும் கதவைப் பிடிப்பதில்லை, கதவே இல்லை. நான் முன்வாசல் வழியாகவே நுழைந்தேன். தரையில் ஓடு பதித்திருக்கிறார்கள், செருப்புக்குள்ளேயும் சில்லென்றிருந்தது. மாடிப்படி இருந்த இடத்தில் சுவர். உடுப்புக் கடையில் நின்ற பிள்ளை, "யாரப் பாக்கணும் அம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டது. ஒருவரையும் இல்லை என்றேன்.

எனக்கு நிறைய எழுதத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு நின்றவள், இதை எழுத எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. எழுதித் தருகிறோம் என்று வீட்டில் பிள்ளைகள் சொன்னார்கள். இது என் கையாலேதான் எழுதவேண்டியது என்று சொல்லிவிட்டேன். யார் எடுத்துக் கொடுத்தது என்று அன்றைக்கு அந்த மாடியில் ஒரு கேள்வி கேட்டார்கள். இன்றைக்குக் கேட்டவர் இல்லை, எனக்காகப் பதில் சொன்னவரும் இல்லை, அந்த மாடியே இல்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.